படுத்திருந்த திருகாணிகள்

எங்கள் வீட்டில் பூட்டுப் போடுகிறவர் அவர். பூட்டை உடைக்கிறவள் நான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்புகிறவர்களும் ஒரு பாட்டம் சிரித்துவிட்டுத்தான் நம்புகிறார்கள். என் மாமியார் மட்டும் சிரிக்க மாட்டார். "நீ உடைக்கலன்னா அவனுக்குப் பிழைப்பில்ல, அவன் போடலன்னா உனக்குப் பிழைப்பில்ல. பார்த்துத்தான் சேர்த்திருக்கான் ஆண்டவன்" என்பார்.

நான் ராணுவத்தில் இருக்கிறேன். எங்கள் அணியில் எல்லோரிடமும் ரைபிள். என் கையில் மட்டும் ஷாட்கன். அடைத்த கதவு குறுக்கே வந்தால் நான்தான் முன்னால் போவேன். ஒரு வெடி, பூட்டு போய்விடும். நான் ஓரமாக ஒதுங்குவேன், மற்றவர்கள் உள்ளே பாய்வார்கள். அதனால் எனக்குச் சாவி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றுவதில்லை.

அணியில் புதிதாகச் சேருகிறவர்கள் என் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, "குருவி சுடப் போறீங்களா அக்கா?" என்று கேட்பது வழக்கம். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. கேட்டவரைக் கையோடு பயிற்சித் திடலுக்கு இழுத்துப் போய், ஒரு பழைய கதவின் பூட்டில் ரைபிளால் சுடச் சொல்வேன். குண்டு கதவைத் துளைத்து, பின்னால் நிறுத்திய பலகையையும் துளைத்துக்கொண்டு போகும். கதவு மட்டும் அசையாது. பிறகு நான் சுடுவேன். கதவு ஆவென்று வாயைத் திறக்கும். கேட்டவர் வாயும்தான்.

ரைபிளுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. ஷாட்கன் அப்படியில்லை, அதன் வயிற்றில் எதைப் போடுகிறோமோ அதைப் பேசும். ரவைத் தோட்டா போட்டால் பட்டாணி அளவு ஈய உருண்டைகள் கூட்டமாகப் பாயும். ரப்பர் தோட்டா போட்டால் அடி விழும், உயிர் போகாது. என் தொழிலுக்கென்று இருப்பது கதவுத் தோட்டா. உலோகத் தூளை மெழுகு சேர்த்து இறுக்கிய கட்டி அது. பூட்டின்மேல் சுத்தியலாக இறங்கி, இறங்கிய இடத்திலேயே பொடியாகிவிடும். பொடி என்றதும் கோதுமை மாவு என்று நினைத்துவிடக் கூடாது. கதவை ஒட்டி ஒருவர் நின்றிருந்தால் அந்தப் பொடி, உடைந்த பூட்டு, மரச் சிம்பு எல்லாம் சேர்ந்து அவர் உடம்பில் இறங்கும். ஆள் பிழைப்பது கஷ்டம். கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்ற கேள்விதான் எங்கள் தொழிலில் பெரிய கேள்வி.

தோட்டா நிரப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. குழலுக்கு அடியில் இருக்கிற குழாயில் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். கடைசியில் நுழைந்ததுதான் முதலில் வெளியே வரும், கூட்டமான பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர் முதலில் இறங்குவது போல. அதனால் நான் ரவைத் தோட்டாக்களை முதலில் தள்ளிவிட்டு, கதவுத் தோட்டாக்களைக் கடைசியில் தள்ளுவேன். இதில் நான் தவறியதே இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

அவரைச் சந்தித்ததும் ஒரு கதவில்தான். காலி செய்த பள்ளிக்கூடம் ஒன்றில் எங்களுக்குப் பயிற்சி. ஒரு நாள் முழுக்க அங்கே இருந்த பூட்டுகளை எல்லாம் பதம் பார்த்தேன். மறுநாள் புதுப் பூட்டுப் போட ஒருவர் பெட்டியோடு வந்தார். சிதறிக் கிடந்த பித்தளைத் துண்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதை யாருங்க பண்ணது?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். நான்தான் என்றேன். "நிலையில தாழ் போய் உக்கார்ற அந்தத் தாழ்த்தட்டுல ரெண்டு ஸ்க்ரூதான் இருந்துச்சு. தோள் குடுத்துத் தள்ளியிருந்தாலே திறந்திருக்கும். பூட்டு என்னங்க பூட்டு, ஸ்க்ரூ எவ்வளவு பலமோ அவ்வளவுதான் பூட்டு" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபம் கல்யாணத்தில் போய் முடிந்தது.

ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவர் வீட்டுக் கதவு எப்படி இருக்கும்? தள்ளினால் திறக்கும். எங்கள் வாசல் கதவின் நிலையில் தாழ் போய் உட்கார ஒரு தட்டு உண்டு. அதற்கு நீளமான திருகாணி வேண்டும். கைவசம் இல்லையென்று குட்டைத் திருகாணியைத் தற்காலிகமாக வைத்தார். அந்தத் தற்காலிகம் பல மாதங்களாக நடந்துகொண்டிருந்தது. இரண்டு கையிலும் பையோடு வந்தால் நான் பூட்டைத் தொடக்கூட மாட்டேன். பூட்டு உயரத்தில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு; தட்டு சாய்ந்து வழிவிடும். உள்ளே போய்க் கட்டைவிரலால் அழுத்தினால் மறுபடி சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும்.

அவருக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்துவிட்டால், திருகாணித் தலையில் இருக்கும் கீறல் மேலும் கீழுமாக நேரே நிற்கும்படி திருப்பி நிறுத்துவார். ஒரு தட்டில் நான்கு இருந்தால் நான்கும் நிற்கும். அரைகுறை வேலை என்றால் கீறலைப் படுக்கவைத்துவிடுவார். அடுத்த முறை பார்த்தவுடன் தெரிய வேண்டுமாம். "நின்னா முடிஞ்சுது, படுத்தா பாக்கி" என்பார். எங்கள் வாசல் கதவில் பூட்டின் வெளித்தட்டிலும் சரி, தாழ் உட்காரும் உள்தட்டிலும் சரி, எல்லாம் படுத்துக் கிடந்தன. தினமும் காலையில் வெளியே கிளம்பும்போது அவற்றைப் பார்ப்பேன்.

"உங்க ஸ்க்ரூ எல்லாம் இன்னும் எந்திரிக்கலையா?"

"ஞாயித்துக்கிழமை எழுப்பிடுறேன்."

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவர் சொன்னதில்லை. நானும் விட்டதில்லை, திட்டிவிட்டுத்தான் படி இறங்குவேன்.

அன்று காலையும் திட்டிவிட்டுத்தான் போனேன். மதியத்துக்குள் கடைத்தெருக் கோடியில் இருந்த மருந்துக் கிடங்கு ஆயுதக்காரர்கள் கையில் போய்விட்டது. சோதனைச் சாவடியில் எங்கள் ஆட்கள் துரத்த, தப்பி ஓடிய நான்கு பேர் அந்தக் கதவின் பூட்டைச் சரமாரியாகச் சுட்டு, உதைத்து உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்திருந்தார்கள். உடைத்த பிறகுதான் கதவை மூட முடியாது என்பது மண்டையில் ஏறியிருக்கிறது. துப்பாக்கி இருந்த அளவுக்கு அவர்களுக்குப் புத்தி இல்லை. ஒருவன் வெளியே வந்து, பக்கத்தில் இருந்த பூட்டுக் கடைக்காரரைச் சட்டையைப் பிடித்து, பெட்டியும் கையுமாக இழுத்துப் போனான். எதிரே டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். தட்டுகிற சத்தமும் திருகுகிற சத்தமும் கொஞ்ச நேரம் கேட்டதாம். பிறகு கதவு மூடிக்கொண்டது. போனவர் திரும்பி வரவில்லை.

கேப்டன் எங்களைத் தெருமுனையில் ஒரு துணிக்கடைக்குள் நிறுத்தி நிலைமையைச் சொன்னார். "உள்ள கிடங்கு ஊழியர்கள் மூணு பேர்" என்றார். "அப்புறம் ஒரு பூட்டுக்காரர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் இருந்தது ஒரே பூட்டுக் கடை.

"நீ பின்னால நில்லு. யானை கதவைப் பார்த்துக்கட்டும்" என்றார் கேப்டன்.

யானை என்பது எனக்கு அடுத்தபடி கதவு வேலை தெரிந்தவன். பெயருக்கேற்ற உடம்பு, பூனைக்குட்டி மனசு.

"ஏன் சார்?"

"ஏன்னு உனக்கே தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்குறேன். யானை நல்லாத்தான் சுடுவான், இல்லன்னு சொல்லல. ஆனா இந்த ஊர்ல அந்த மனுஷன் போட்ட பூட்டை அதிகமா உடைச்சவ நான். தாழ் எந்த உயரத்துல வரும், எவ்வளவு ஆழம் போகும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"கை நடுங்கிச்சுன்னா?"

கையை நீட்டிக் காட்டினேன். நடுங்கவில்லை.

"சார், அக்காவே போகட்டும். நடுங்குறது என் கைதான்" என்றான் யானை.

கேப்டன் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். திட்டம் எளிமையானது. பின்பக்க ஜன்னலில் இன்னொரு அணி காத்திருக்கும். என் வெடிதான் அவர்களுக்குச் சைகை. சத்தம் கேட்டவுடன் அவர்கள் பின்னாலும் நாங்கள் முன்னாலும் ஒரே நேரத்தில் நுழைய வேண்டும். ஒரு பக்கம் முந்தினாலோ பிந்தினாலோ, உள்ளே மாட்டிக்கொண்ட ஊழியர்கள், பூட்டுக்காரர் நான்கு பேரும் உயிரோடு வெளியே வர மாட்டார்கள். இதை அவர் இரண்டு தடவை சொன்னார். எனக்கு ஒரு தடவையே போதுமாக இருந்தது.

ரவைத் தோட்டாக்களை முதலில் தள்ளினேன். கதவுத் தோட்டாக்களைக் கடைசியில் தள்ளினேன்.

வெயில் உச்சியில் இருந்தது. சுவரை ஒட்டி வரிசையாகப் போனோம். கிடங்கின் கதவு பழைய கனமான மரக் கதவு, உள்பக்கம் திறப்பது. பக்கத்தில் ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி. செடி பட்டுப்போய் மண்ணும் சிகரெட் துண்டுகளும் மட்டும் இருந்தன. நான் கதவின் ஓரமாகக் குனிந்து, கதவில் வழுக்காமல் இருக்கப் பல்வைத்த குழல் முனையைப் பூட்டுக்கும் நிலைக்கும் நடுவில் கொண்டுபோனேன். பின்னால் நின்ற யானையின் கை என் தோளில் இருந்தது. அவன் தட்டினால் எல்லோரும் தயார் என்று அர்த்தம். தட்டியவுடன் நான் சுட வேண்டும்.

தட்டினான்.

நான் சுடவில்லை. புதுப் பித்தளைத் தட்டு கண்ணெதிரே பளபளத்தது. அதில் நான்கு திருகாணிகள். நான்கும் படுத்திருந்தன.

நான் பார்த்த ஆயிரம் தட்டுகளில், வேலையை முடித்துக்கொண்டு போகும்போது அவர் ஒரு திருகாணியைக்கூடப் படுக்க விட்டதில்லை. மாமியார் சுடுசொல் சொன்ன அன்றும், காய்ச்சலில் நடுங்கிய அன்றும், எதிரே ஆள் நின்று அவசரப்படுத்திய அன்றும் நிறுத்திவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். தலைக்கு மேல் துப்பாக்கி இருந்தாலும் அந்தக் கை தானாக நிறுத்தும். நிறுத்தவில்லை என்றால், வேண்டுமென்றே படுக்கவைத்திருக்கிறார். படுத்தா பாக்கி. இந்தக் கதவு முடியவில்லை. உள்ளே தாழ்த்தட்டில் குட்டைத் திருகாணி.

யார் வந்து இந்தக் கதவைத் திறப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். சுடாதே என்கிறார். ஏன் சுடக் கூடாது என்பதற்கு எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது.

யானை மறுபடி தட்டினான், இந்த முறை அழுத்தமாக.

என் கணிப்பு தப்பென்றால் கதவு திறக்காது. உள்ளே இருப்பவர்கள் விழித்துக்கொள்வார்கள். மரத்தைத் துளைத்துக்கொண்டு வரும் குண்டு முதலில் எனக்கு, அடுத்தது யானைக்கு. சைகை இல்லாமல் பின்பக்கத்து அணி நின்றுகொண்டிருக்கும். கணிப்பு சரியாக இருந்து நான் சுட்டாலோ, கதவைத் திறந்து, செத்துக் கிடப்பவரை நானே பார்க்க வேண்டியிருக்கும். சந்தேகப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். அந்த மனிதரின் சமையலை நம்ப மாட்டேன், ஞாயிற்றுக்கிழமையை நம்ப மாட்டேன். திருகாணியை நம்புவேன்.

குழலைத் திருப்பித் தொட்டி மண்ணுக்குள் செருகுகிற மாதிரி வைத்துச் சுட்டேன். ரவையாக இருந்திருந்தால் சிமெண்டில் பட்டு யானையின் முழங்காலைப் பதம் பார்த்திருக்கும். கதவுத் தோட்டா மண்ணோடு மண்ணாகப் பொடிந்தது. சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. பின்னால் ஜன்னல் உடையும் ஓசை அதே மூச்சில் கேட்டது. அதற்குள் என் தோள் பூட்டு உயரத்தில் இறங்கியிருந்தது. பல மாதங்களாக இரண்டு கையிலும் பையோடு பழகிய தோள் அது.

தட்டு சாய்ந்து வழிவிட்டது.

கதவு திறந்தது, ஆனால் திறக்க வேண்டியதைவிடக் கனமாகத் திறந்தது. விளிம்பைச் சுற்றி ஒரு கை தெரிந்தது. உள்பக்கக் கைப்பிடியோடு கயிற்றால் கட்டிய கை. கட்டைவிரலில் அவருடைய பழைய தீக்காயத் தழும்பு. அவரை நிற்கவைத்து, முதுகு பூட்டில் படும்படி, கதவோடு கதவாகக் கட்டியிருந்தார்கள்.

வழக்கப்படி நான் ஒதுங்க வேண்டும். அன்று ஒதுங்கவில்லை. அவர் சுவரில் நசுங்காதபடி கதவைப் பாதியில் நிறுத்தி, விளிம்பைச் சுற்றி வந்து, அவருக்கு முன்னால் என் முதுகைக் காட்டி, அறையைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றேன். யானையும் மற்றவர்களும் என்னைத் தாண்டி ஓடினார்கள். ஆயுதக்காரர்களில் இரண்டு பேர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். வாய் நிறைய ரொட்டியோடு கையைத் தூக்கினார்கள். மூன்றாமவன் துப்பாக்கிக்குக் கை நீட்ட, யானை அவன்மேல் அப்படியே விழுந்தான். அதற்குப் பிறகு அவன் எதற்கும் கை நீட்டவில்லை. நான்காமவன் பின்பக்கம் ஓடி, ஜன்னல் அணியின் மடியிலேயே போய் விழுந்தான். கிடங்கு ஊழியர்கள் மூன்று பேரும் கதவுக்குப் பக்கத்தில் தரையில் கட்டுண்டு கிடந்தார்கள். கயிற்றுத் தடம் தவிர யார்மேலும் ஒரு கீறல் இல்லை.

"சாவி" என்றார் அவர் என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"பேசாதீங்க" என்றேன்.

எல்லாம் அடங்கியதும் கேப்டன் தொட்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எதுக்கும்மா தொட்டியச் சுட்ட?"

திருகாணிகளைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் குனிந்து நான்கையும் பார்த்தார். நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் உன்னைப் பின்னால நிறுத்தப் பார்த்தேன்" என்றார் மெதுவாக. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "இதை மேலிடத்துக்கு நான் என்னன்னு எழுதுறது?"

"கதவு திறந்துச்சுன்னு எழுதுங்க சார்."

என் வீட்டுக்காரரை மருத்துவ வண்டியின் பின்படியில் உட்காரவைத்து மணிக்கட்டில் மருந்து போட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன்."

"பூட்டு வெக்கும்போதே அந்த மூணு பேரும் கதவோரமாத்தான் கிடந்தாங்க. நீ வந்து வெடிப்ப, அவங்கமேல படும்னு பயந்து படுக்கவெச்சேன். வேலை முடிஞ்சதும் என்னைப் பிடிச்சு அந்தக் கதவுலயே கட்டிட்டாங்க. பூட்டு முதுகுல குத்திக்கிட்டே இருந்துச்சு." மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "அப்புறம்தான் தோணிச்சு, ஒருவேளை நீ கவனிக்கலன்னா?"

"எப்படிங்க கவனிக்காம இருப்பேன்? தினமும் காலையில அதைப் பார்த்துத் திட்டிட்டுத்தானே வெளிய வரேன்."

அவர் யோசித்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "அப்போ நம்ம வீட்டுக் கதவை முடிக்காம விட்டது நல்லதாப் போச்சு."

நடுத்தெருவில், என் அணி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். யானையும் அழுதான், அவனுக்கு யார் தோள் கிடைத்தது என்று நான் பார்க்கவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் உண்மையிலேயே நீளத் திருகாணி வாங்கி வந்து எங்கள் வாசல் கதவை முடித்தார். உள்தட்டிலும் வெளித்தட்டிலும் எல்லாத் திருகாணிகளும் சிப்பாய் மாதிரி நின்றன.

மறுநாள் சாயங்காலம் இரண்டு கையிலும் பையோடு வந்து, பழக்க தோஷத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கதவு அசையவில்லை. தோள் வலித்தது. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கலாம் என்று பையைக் கீழே வைத்தவள், எடுக்கவில்லை.

"என்னங்க, கதவைத் திறங்க" என்று கத்தினேன்.

"வரேன், வரேன்" என்று உள்ளே குரல் கேட்டது. அவர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வருகிற சத்தமும் கேட்டது. மெதுவாகவே வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.